எல்லோருக்கும் எட்டு நிமிடம்

என் வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் விசில். இருபது வருஷமாக மைதானத்தில் கத்திப் பழகியவர். வீட்டில் உப்பு கேட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட மனிதர் மூன்று நாளாக வாயே திறக்கவில்லை.

நான்காம் நாள் காலை சாப்பிடாமல் தட்டைத் தள்ளினார். விடாமல் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. புள்ளியியல் பேராசிரியை, போன வருஷத்து ஓட்டப் பதிவேட்டையும் தேர்வு மதிப்பெண்களையும் ஒப்பிட்டிருக்கிறார். உடல்திறனுக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று வந்துவிட்டது. ஓட்ட வகுப்பை நிறுத்தி, மைதானத்தில் தேர்வுக்கூடம் கட்டலாமா என்று அன்றைக்குக் கூட்டம்.

"இல்லேன்னா இல்லைதான். அதுக்கு ஏங்க இப்படி இடிஞ்சு போயிட்டீங்க?"

"அந்தப் பதிவேடே பொய். நாலு சுற்று எட்டு நிமிஷத்துல ஓடணும். பாதியில மூச்சு வாங்கி உட்கார்ந்த புள்ளைங்களுக்கும் எட்டுன்னு போட்டுட்டேன். ஓட்டத்துக்காக ஒருத்தர் பட்டம் நிக்கக் கூடாதே."

பெரிய வள்ளல் என்று எரிந்து விழுந்தேன். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் மைதானம் போகும். ஓய்வு பெற நாலே வருஷம். "பேசாம இருந்துடுங்க" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே அவர் எல்லாவற்றையும் சொல்வது கேட்டது.

"மைதானத்தைக் காப்பாத்த இப்ப கதை விடுறீங்களா சார்?" என்றார் பேராசிரியை.

பக்கம் புரட்டும் சத்தம். பொய்யாக எழுதிய ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாராம். ஒழுங்காகத் தப்பு செய்யக்கூடத் தெரியாத மனிதர்.

பேராசிரியை கணக்கை மறுபடி போட ஒரு மணி நேரம் ஆனது. பெஞ்சில் எனக்கு ஒரு யுகம். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு என் வீட்டுக்காரர் வந்தார்.

"பொய்யை எடுத்துட்டுப் போட்டா ஓட்டத்துக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இருக்காம். மைதானம் தப்பிச்சுது. நாளையிலேர்ந்து நான் வர வேண்டாமாம்."

"போகட்டும் விடுங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் நகரவில்லை.

"புள்ளி வச்சது நாற்பத்தாறு பேர். அதுல முப்பத்தொன்பது பேர் பரீட்சையில ஃபெயில். அவங்களை விடாம ஓட வச்சிருந்தா, தேறியிருப்பாங்களோ?"

எனக்கு என்ன தெரியும். அவர் கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது.