பிடித்துக்கொள்ள ஆள் இல்லாத சண்டை

சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ரோஸ் மில்க்கை நான் குடிப்பதில்லை, முகர்கிறேன். போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் வாசலில் தட்டோடு நின்ற பெண் டம்ளரை நீட்டினாள். வாங்கி மூக்கருகே கொண்டுபோய் நன்றாக ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். "ஏன் இப்படி மானத்த வாங்கறீங்க" என்றாள் மனைவி. அவளுக்கு அது பாலும் எசன்ஸும். எனக்கு அது ரத்தம்.

பயப்படாதீர்கள், நானே காய்ச்சிய ரத்தம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் பக்கம் இன்றைக்குக் கம்பெனி மதில்கள் நிற்கிற இடத்தில் நெல் விளைந்துகொண்டிருந்தபோது, நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சினிமா எடுத்தோம். ஸ்டுடியோ கிடையாது, நட்சத்திரம் கிடையாது, பாட்டு கிடையாது. கடைசிவரை படத்துக்குப் பெயரும் கிடையாது. ஒரு கிணற்றுத் தண்ணீருக்காக இரண்டு பங்காளிகள் சண்டை போட்டு, ஒருவன் இன்னொருவனை அடித்தே கொல்கிறான். அவ்வளவுதான் கதை. வசனம் நான். முதல் நாளே டைரக்டர் ஞானசேகரன் என் வசனத்தைப் படித்துவிட்டு, "மனுஷங்க இப்படிப் பேச மாட்டாங்கய்யா" என்று காகிதத்தை மடித்து ஆடிய கேமரா ஸ்டாண்டின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். படத்தில் என் எழுத்து எதையாவது தாங்கிப் பிடித்தது என்றால் அது அந்த ஒரு இடத்தில்தான்.

அதன்பிறகு எனக்கு மிஞ்சியது ரத்தம் காய்ச்சும் வேலை. சர்க்கரைப் பாகு, ரோஸ் எசன்ஸ், கெட்டிக்குக் கொஞ்சம் காபி டிகாஷன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்த நிறமும் போதும், ஆனால் ஞானசேகரனுக்கு உண்மை வேண்டும். உலக சினிமா முழுவதையும் பார்த்துவிட்டு உலகத்தை மட்டும் பார்க்காமல் விட்டவர் அவர். என் ரத்தத்தின் ஒரே குறை அதன் சுவை. சினிமாவில் செத்த பிறகுதான் சண்டை எடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிணக் காட்சியை முதலில் எடுத்தோம். வரப்பில் கிடந்த பிணத்தின் காதுக்குள் கட்டெறும்பு வரிசையாகப் புக, பிணம் எழுந்து உட்கார்ந்து, "எவன்டா இத காச்சனது? அவன் வாயில ஊத்துங்கடா" என்றது. பிணத்தின் பெயர் கன்னியப்பன்.

கன்னியப்பன் நடிகன் இல்லை. அவனைக் கொல்லப் போகிற ஏழுமலையும் நடிகன் இல்லை. அந்த ஊரில் நிஜமாகவே ஒரு கிணற்றில் ஆளுக்குப் பாதி பங்கு வைத்துக்கொண்டு, மோட்டார் போடும் முறைக்காக வருடக்கணக்கில் சண்டை போட்டுவந்த அண்ணன் தம்பி பிள்ளைகள். "பகையை நடிக்க வைக்க முடியாது, பகை இருக்கிறவனைத்தான் கூட்டிட்டு வரணும்" என்று ஞானசேகரன் அவர்களைத் தேர்ந்தெடுத்தார். இருவரும் உடனே சம்மதித்தார்கள். மற்றவன் சம்மதித்துவிட்டான் என்று இருவரிடமும் தனித்தனியே சொல்லியிருந்தோம்.

ஏழுமலையின் மனைவி சுலோச்சனாதான் யோசித்தாள். அந்தச் சமயம் நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் ஏழுமலைக்கு வேலை ஆகியிருந்தது. அந்தத் தெருவிலிருந்து முதல் ஆள். மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. நான் பாகு கிண்டிக்கொண்டிருந்த அடுப்பருகே வந்து நின்றாள்.

"சார், திங்கக்கெழம மெடிகல். அவுரு மேல ஒரு கீறல் இருக்கக் கூடாது. போலீஸ், கேஸுன்னு எதுவும் வரக் கூடாது. வேல பூட்டா நானும் கொழந்தையும் அந்தக் கெணத்துலதான் வுழணும், சொல்லிட்டேன்."

குழந்தை இடுப்பில் இருந்தது. அதற்கு முன்னால் ஒன்று பிறந்து செத்துப்போயிருந்தது. "கவலப்படாதம்மா, இது சினிமா" என்றேன். அந்தப் படத்தில் நான் பேசிய ஒரே வசனம்.

சொன்னபடி ஏற்பாடும் செய்தோம். கன்னியப்பன் கையில் உள்ளே கூடான நாணல் கழி, அடித்தால் வலிக்காது. ஏழுமலையின் மண்வெட்டியிலிருந்து இரும்பைக் கழற்றிவிட்டு வெறும் காம்பு. ஏழுமலை மேல் அடி படக்கூடாது என்பதை எல்லாக் கோணத்திலும் யோசித்தோம்.

அந்த ஊர்ச் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷூட்டிங்குக்கு முன்னால் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஏழுமலை அரிவாளோடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், கன்னியப்பன் கடப்பாரையோடு அந்தப் பக்கம். "இன்னிக்கு உன் கொடல உருவி வேலில போடல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கலடா!" நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் இரண்டு பேரும் நின்ற இடத்திலிருந்து ஒரு அடி முன்னால் வரவில்லை. பிடித்துக்கொள்ள ஆள் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி கத்திக்கொண்டிருந்தார்கள். ஏழுமலையை மாமா என்று கூப்பிடும் முனுசாமி வந்து அவனைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிக்கொண்டான். கன்னியப்பனை அவன் மச்சான் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் இருவரும் பாய்ந்தார்கள்.

"வுடுடா என்ன! வுடுடா! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

"வுடு மாமா, அவன் கெடக்கறான். சோத்துக்கு நேரமாச்சு வா."

பிடி கொஞ்சம் தளர்ந்தால் ஏழுமலையின் பாய்ச்சலும் தளர்ந்தது. இறுகினால் பாய்ச்சல் புலிப் பாய்ச்சல். இப்படி வருடக்கணக்கில் குடலை உருவியும் ஒருவர் மேல் ஒருவர் நகம் பட்டதில்லை.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் கேமராமேன் பீட்டர் சாந்தோம்காரன், ஆறடி. லென்ஸுக்கும் வெயிலுக்கும் இட்லிக்கும் டைரக்டரோடு தினமும் அடிதடிக்குக் கிளம்புவான். வசனகர்த்தா என்று பெயர், நான் பார்த்த வேலை அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்வது.

முனுசாமியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தவில் போல உடம்பு. நாங்கள் ஊருக்குள் நுழைந்ததிலிருந்து முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டுதான் திரிந்தான். "சார், ஹீரோக்கு அண்ணன் வேசம் எதுனா கீதா?" என்று டைரக்டரைச் சாப்பிடவிடாமல் கேட்டிருக்கிறான். ஆகவே சண்டைக் காட்சி முதல் டேக்கில் இருவரும் கத்த ஆரம்பித்ததும் அவன் கேமராவுக்கு முன்னால் ஓடிவந்து ஏழுமலையைக் கட்டிக்கொண்டபோது, டைரக்டருக்கு வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை.

"கட்! யோவ், மூஞ்ச காட்டணும்னு இவ்ளோ ஆசையாய்யா உனக்கு?"

"சார், சண்ட நடக்குது சார். புடிக்காம எப்டி?"

இரண்டாவது டேக்கிலும் ஓடிவந்தான். பவுடர் புதிதாகப் போட்டிருந்தான். டைரக்டர் கையிலிருந்த மெகாபோனால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். மெகாபோன் நசுங்கியது.

"நான் புடிக்கலன்னா இன்னா சார் ஆவும்?" என்றான் முனுசாமி, வலியைவிட வியப்போடு.

"அதான்யா படம்!"

யூனிட் ஆட்கள் இருவர் முனுசாமியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கன்னியப்பனின் மச்சானை. பிடிக்கிறவர்களைப் பிடித்துக்கொள்ள ஆள் போட்ட ஒரே குழு உலக சினிமாவில் நாங்களாகத்தான் இருப்போம்.

மூன்றாவது டேக். வரப்பு முழுக்க ஊர் ஜனம். ஏழுமலை கத்தினான். கன்னியப்பன் கத்தினான். ஓரக்கண்ணால் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. இன்னும் உரக்கக் கத்தினார்கள். இருந்த வசவெல்லாம் தீர்ந்தது. வழக்கமாக நாலாவது வசவுக்குள் யாராவது கட்டிக்கொள்வார்கள், அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஏழுமலை வாய்க்காலைத் தாண்டி ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பின்வாங்கினால் ஊரே பார்க்கிறது. கன்னியப்பன் உள்ளே துழாவி, வைத்திருக்கக் கூடாத ஒன்றை எடுத்தான்.

"செத்துப்போச்சே உன் புள்ள, அது உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்காமதான்டா பூட்டுது!"

ஏழுமலை காம்பை ஓங்கினான்.

மண்டை உடையும் சத்தத்தைத் தேங்காய் உடைவது போல என்று எழுதுவார்கள், நானே எழுதியிருக்கிறேன். அப்படி இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைவது போல இருந்தது. கன்னியப்பன் விழவில்லை. கோபப்படவும் இல்லை. முனுசாமி இருந்த பக்கம் திரும்பி, "எங்கடா போனே" என்று கேட்பதுபோல ஒரு பார்வை பார்த்தான். இரண்டாவது அடி காதுக்கு மேல். நாணல் கழி நொறுங்கியது. இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். கன்னியப்பன் ஏழுமலையின் தோளைக் கவ்விக்கொண்டான். ஏழுமலை மேலே ஏறி உட்கார்ந்து, காம்பை விட்டுவிட்டு, முஷ்டியால் அதே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தான், அழுதுகொண்டே.

"ஓடட்டும்... ஓடட்டும்..." என்று டைரக்டர் முணுமுணுத்தார். அவர் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன. எனக்கும் மெய்சிலிர்த்தது என்பதை மறைப்பானேன். கன்னியப்பன் முகத்தில் வழிவதைப் பார்த்து, நம் ரத்தம் இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்று பெருமைகூடப் பட்டேன். பிறகுதான் என் கையைப் பார்த்தேன். ரத்தப் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. முனுசாமி தன்னைப் பிடித்திருந்தவனின் கையைக் கடித்துவிட்டு ஓடினான். ஏழுமலையைப் பிய்த்தெடுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். அன்றைக்கு அவன் "வுடுடா" என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

விளக்குகளை இறக்கிவிட்டு யூனிட் வேனில் கன்னியப்பனைக் காஞ்சிபுரம் கொண்டுபோனோம். மண்டையில் எலும்பு உள்வாங்கிவிட்டது, ஆனால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுலோச்சனா குழந்தையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏழுமலை கைதானால் வேலை இல்லை, அது எல்லோருக்கும் தெரியும்.

எஸ்.ஐ. வந்தார். கட்டிலில் கன்னியப்பன் தலை ஒரு பெரிய வெள்ளைப் பூசணி போலக் கிடந்தது.

"யார் அடிச்சது?"

"சினிமா சார். அடி தவறிப் பட்டுச்சு."

"ஊரே வேற சொல்லுது."

"ஊருக்கு இன்னா தெரியும் சார் சினிமாவப் பத்தி?"

எஸ்.ஐ. எங்கள் பக்கம் திரும்பினார். "அந்த ஃபிலிமைக் கழுவிக் கொண்டாங்க. பார்த்துட்டு முடிவு பண்றேன்."

அவர் போனதும் நான் கன்னியப்பனிடம் குனிந்து, "ஏன்யா?" என்றேன்.

"அவன் வேலைக்குப் பூட்டா கெணறு எனக்குத்தான சார்? ஜெயிலுக்குப் போனான்னா ஜாமீன்ல வந்து மறுபடி மோட்டார் முறைக்கு நிப்பான்." கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே, "அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

மறுநாள் காலை, ஊர் நடுவில், ஞானசேகரன் படச்சுருள் இருந்த கறுப்புப் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றார். "இத மாதிரி ஒரு ஷாட்டைத் தமிழ்ல எவனும் எடுத்ததில்ல. எஸ்.ஐ. பாக்கட்டும். கோர்ட் பாக்கட்டும். பீட்டர், இது ஆர்ட்."

"நான் அதக் கண்ணால பாத்தேன் சார், கேமரா கண்ணாடிக்குள்ளாற. எனக்குப் போதும்" என்றான் பீட்டர். பெட்டியைப் பிடுங்கித் திறந்து, கழுவாத சுருளை முழம் முழமாக உருவி வெயிலில் போட்டான். கடைசியாக எடுத்த அந்தச் சண்டை, வெளிச்சம் பட்ட முதல் சில முழத்திலேயே அழிந்திருக்கும். அவன் கடைசிவரை உருவினான்.

டைரக்டர் பாய்ந்தார். வழக்கப்படி நான் பீட்டரைத்தான் பிடித்திருக்க வேண்டும். பதற்றத்தில் டைரக்டரைக் கட்டிக்கொண்டுவிட்டேன். ஒருவனைப் பிடித்து இன்னொருவனைச் சும்மா விட்டால் என்ன ஆகும்? டைரக்டரின் முன்பல் இரண்டு போயின. படமும் அன்றோடு போயிற்று. ஃபிலிமில் வெளிச்சம் புகுந்துவிட்டது என்று எஸ்.ஐ.யிடம் சொன்னோம், அவர் நம்பியதுபோல எழுதிக்கொண்டார். தோளிலிருந்த பல் தடத்தைத் தேங்காய் எண்ணெயும் முனுசாமியின் பவுடரும் தடவி மறைத்துக்கொண்டு ஏழுமலை திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போனான். வேலையும் கிடைத்தது.

பல வருடம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் முனுசாமியைப் பார்த்தேன். தவில் வற்றிப்போய் உறை மட்டும் தொங்கியது, பவுடர் இல்லை. அவன்தான் எல்லாம் சொன்னான்: கன்னியப்பன் கிணற்றை முழுசாக அனுபவித்தான், அப்புறம் நிலத்தோடு அதையும் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏழுமலை ஷிப்ட், ஓ.டி. என்று உழைத்து வீடு கட்டிவிட்டான். இரண்டு பேரும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை, திட்டிக்கொள்ளவும் இல்லை.

ஊரில் வேறு என்ன விசேஷம் என்று கேட்டேன். கல்யாணப் பந்தலில் ஒருவனின் கையை வெட்டி எடுத்தது, டீக்கடை வாசலில் ஒருவன் வயிற்றில் கத்தியை இறக்கியது, திருவிழாவில் கட்டையால் அடித்ததில் ஒரு பையன் அங்கேயே செத்தது என்று சொல்லிக்கொண்டே போனான். அதெல்லாம் எங்கும் நடப்பதுதானே என்றேன். இல்லையாம். அன்றைக்கு எங்கள் ஷூட்டிங்கை வரப்பில் நின்று ஊரே பார்த்ததாம்: கத்திக்கொண்டே நிற்க வேண்டியதில்லை, அடிக்கலாம், அடித்தால் விழுவான், அடித்தவன் அடுத்த வாரம் வேலைக்கும் போகலாம். வேறு எந்தப் படத்துக்கும் கிடைக்காத பாதிப்பு எங்கள் வராத படத்துக்குக் கிடைத்திருக்கிறது.

"நீ இப்ப யாரையும் புடிக்கறது இல்லியா?"

"எங்க சார் புடிக்கறது? முன்னல்லாம் 'வுடு, வுடு'ன்னு கத்துவானுங்க. கெட்டியாப் புடிச்சுக்கோன்னு அர்த்தம். இப்ப எவனும் வுடுன்னு சொல்றதே இல்ல சார். நேரா போறான்."