நட்சத்திரம் காணாமல் போன ஒரு நிமிடம்

சிடி பிளேயர் சூடானால் ஒரு பிளாஸ்டிக் வாசனை வரும், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இன்னும் அதுதான் கிறிஸ்துமஸ் வாசனை. கேக்கெல்லாம் அப்புறம்தான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீடு ஸ்டெல்லா அக்கா வீடு. நர்ஸ் வேலை. அரையாண்டு லீவு விட்டால் எங்கிருந்தாவது ஒரு கார்ட்டூன் படம் வாங்கி வருவார். தெருப் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவோம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். படம் இங்கிலீஷ். எங்களுக்கு ஒரு எழவும் புரியாது... அக்காதான் கதை சொல்வார்.

அந்த வருடம் எனக்குப் படம் பார்க்கிற மனநிலையே இல்லை. வைகாசியில் அப்பா போய்விட்டார்.

அதுவும் எப்போது? கருடசேவை அன்று விடியற்காலை. ஊரே பெருமாளைப் பார்க்கத் தெருவில் நின்றது. அப்பா சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அம்மா காபி வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. பிரசாதம் கொண்டுவந்து நீட்டியவர்களிடம் அம்மா ஒரே பேச்சுதான் பேசுவாள். ஊருக்கே காட்சி கொடுக்கிறவருக்கு எங்க வீட்டுக்காரர் மட்டும் கண்ணுல படலையா என்பாள். வந்தவர்கள் பிரசாதத்தோடு திரும்பிப் போய்விடுவார்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். பனி மலையில் ஒரு கிராமம். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பார்க்க ஆடு மாடு உட்பட எல்லோரும் மேட்டில் கூடுகிறார்கள். கால் ஊனமான ஒரு கழுதைக்குட்டி மட்டும் வழியில் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்போது நட்சத்திரம் பொசுக்கென்று அணைந்துவிட்டது.

திரை முழுக்கக் கறுப்பு. சத்தமும் இல்லை.

"சிடி நின்னுக்கிச்சு போல" என்று அக்கா துடைக்கத் துணியோடு எழுந்துவிட்டார். நாங்கள் அய்யோ என்று கத்தினோம்.

அப்போதுதான் வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தேன். என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள்.

"இரு ஸ்டெல்லா... நிக்கலம்மா. குடை போட்டிருக்காங்க."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கருடசேவையில் பெருமாள் கோபுர வாசலுக்கு வந்ததும் ஒரு கணம் குடையால் மறைத்துவிடுவார்கள். வர முடியாமல் தூரத்தில் படுத்திருந்த ஒரு பக்தருக்குக் காட்சி கொடுக்க, அந்த நேரத்தில் அவர் போய்விட்டு வருகிறாராம். எங்கள் ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

திரையில் மெல்ல வெளிச்சம் வந்தது. மேட்டில் இல்லை, பள்ளத்தில். கழுதைக்குட்டியின் முகத்துக்கு நேரே நட்சத்திரம்.

ஏசப்பா அப்படித்தான் ஆன்ட்டி, வர முடியாதவங்களைத் தேடிப் போவாரு என்றார் அக்கா. அம்மா படம் முடியும்வரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிட வந்ததையே மறந்துவிட்டாள்.

தெருவைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பா போன நேரமும் குடை போட்ற நேரந்தான்டா. அப்போ பெருமாள் அங்கதான் போயிருக்காரு."

வீட்டுக்குள் நுழைந்ததும் தீப்பெட்டி எங்கே என்று கேட்டாள். ஏழு மாதம் கழித்து விளக்கு எரிந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதேன்.

இப்போது நான் புனேயில். எந்தப் படம் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பாயும் இல்லை, கதை சொல்ல அக்காவும் இல்லை. போன வாரம் தேடிப் பிடித்து அதே படத்தை மகளுக்குப் போட்டேன். திரை கறுத்ததும், "ஒண்ணுமே தெரியலப்பா" என்று சடக்கென்று படத்தை முன்னால் தள்ளிவிட்டாள்.

ரிமோட்டை வாங்கிப் பின்னுக்கு ஓட்டினேன். இருட்டில் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"ஸ்டார் எங்கப்பா போச்சு?"

"உங்க தாத்தாவைப் பாக்கப் போயிருக்குதும்மா. வந்துடும், இரு."