தண்ணீர் வரிசைக்கும் ஓர் உரிமை

2014 மார்ச் 8, சனிக்கிழமை. எட்டு மணிக்கு வாசிகசாலையைத் திறந்தேன். மேசைகளைத் துடைத்தேன். முதல்நாள் பத்திரிகைகளை மரச்சட்டத்திலிருந்து கழற்றி, அன்றையதை மாட்டினேன். கதிரைகளை நேராக்கினேன். எங்கள் கடற்காற்றில் உப்பு இருப்பதால் வாரத்துக்கு ஒருமுறை கணினியின் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டித் துடைக்க வேண்டும். சனிக்கிழமை அதற்குரிய நாள். அதையும் செய்தேன். பன்னிரண்டு மணிக்குப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வழமையாக அதன் பிறகு வீட்டுக்குப் போய்ச் சமைப்பேன். அன்று பஸ் தரிப்புக்குப் போனேன். கைப்பையில் ஒரு பென்டிரைவும், ஓர் உறைக்குள் நான் எழுதிய அனுமதிக் கடிதத்தின் இரண்டு பிரதிகளும் இருந்தன. பக்கத்து வீட்டு மச்சாள் எனக்கு முன்னமே வந்து நின்றாள். அவளுடைய கையில் இறால் கருவாட்டுப் பொட்டலம்.

"கடற்கரை ஊர் எருக்கலம்பிட்டிக்கு ஆராவது கருவாடு கொண்டுபோவினமே?" என்று கேட்டேன்.

"வெறுங்கையோடை போய் ஒரு மனுசனிட்டை ஒண்டு கேக்கலாமே? நீ பேப்பர் கொண்டு வாறாய், நான் இறால் கொண்டு வாறன். எதைப் பாத்துச் சிரிக்கிறார் எண்டு பாப்பம்."

நாங்கள் கேட்கப் போனது ஒரு புத்தகத்துக்கான அனுமதி.

மூன்று வாரங்களுக்கு முன்னர் கணினியில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் புத்தகத்தின் அட்டை திரையில் வந்தது. பழைய இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இலவசமாக வாசிக்க வைத்திருந்த ஒரு சிறிய தளம் அது. வெளிநாட்டிலிருந்து யாரோ நடத்துகிறார்கள். அட்டையில் கரையில் ஏற்றிவைத்த ஒரு வள்ளம், கறுப்பு மையில் வரைந்தது. நான் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன். பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர், "என்ன பிள்ளை, பாம்பே?" என்று காலைத் தூக்கிக்கொண்டார்.

அது எங்கள் கரையைப் பற்றிய நாவல். கணவன் இறந்த பிறகு அவனுடைய வள்ளத்தைத் தானே கடல் தொழிலுக்கு விடும் ஒரு பெண்ணின் கதை. எழுதியவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஓர் ஆசிரியர். எங்கள் ஊரான விடத்தல்தீவின் பழைய வாசிகசாலையில் அதன் ஒரே பிரதி இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு கடல் தாண்டிப் போவதற்கு முன் அதை மூன்றுமுறை இரவல் எடுத்து வாசித்திருந்தேன். திரும்பி வந்தபோது அந்தக் கட்டடத்துக்குக் கூரையே இருக்கவில்லை.

ஆனால் அந்தக் கதை என்னோடு இராமேஸ்வரம் வந்தது. பிறகு தமிழ்நாட்டின் உட்பகுதியில் எங்களைக் குடியேற்றிய அகதி முகாமுக்கும் வந்தது. அங்கே பின்னேரம் தண்ணீர் லொறி வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வெயில் சாயும்போதே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் பக்கத்தில் குந்தியிருப்போம். ஒருநாள் பொழுது போகாமல் அந்த நாவலைச் சொல்லத் தொடங்கினேன். லொறியின் ஹோர்ன் கேட்டதும் அன்றைய அத்தியாயம் முடிந்துவிடும். அந்தப் பெண் முதன்முதலாக வள்ளத்தைத் தள்ளிவிடும் கட்டத்தில் லொறி வந்த நாளில் சாரதிக்கு விழுந்த ஏச்சை அவர் கனவிலும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

நாவலின் முடிவில் அந்தப் பெண் வள்ளத்தை விற்றுவிட்டு மகளோடு பட்டினத்துக்குப் போவாள். அதை நான் சொன்ன அன்று வரிசை கலவரப்பட்டது. மச்சாள்தான் தலைமை.

"வித்தவளோ? ஆரைக் கேட்டு வித்தவள்?"

"புத்தகத்திலை அப்படித்தான் இருக்கு."

"புத்தகம் இஞ்சை வந்து தண்ணி எடுக்கிறேல்லை. நீதான் எடுக்கிறாய். நாளைக்கு அந்த வள்ளம் திரும்பி வராட்டி உன்ரை குடம் கடைசியிலை போகும்."

மறுநாள் வள்ளம் திரும்பி வந்தது. எப்படி வந்தது என்பதை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்; நான் ஒழுங்குபடுத்திச் சொன்னேன். வாங்கியவனுக்கு அது அடங்கவில்லை என்றாள் ஒருத்தி. மகள் பட்டினத்தில் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள் என்றாள் இன்னொருத்தி. அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தக் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் வள்ளம் வீட்டுக்கு வந்தது.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் புதிய வாசிகசாலையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்போம். கேட்பவர்களில் பாதிப்பேர் அந்தத் தண்ணீர் வரிசைக்காரர்கள். புத்தகம் கிடைத்துவிட்டது என்றதும் அச்சடித்துத் தா என்று நின்றார்கள். மன்னாரில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்தால் ஒரு நாள் வேலை.

நான் இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். 'உரிமை ஆசிரியருக்கு' என்று அச்சிட்டிருந்தது. ஒருவர் எழுதியதற்கு அவர் வாழும் காலம் முழுவதும், இறந்த பிறகு எழுபது ஆண்டுகளும் உரிமை உண்டு என்பது சட்டம். தளத்தின் அடியிலும் ஒரு குறிப்பு இருந்தது: உரிமையாளரைத் தேடுகிறோம், அவர் விரும்பாவிட்டால் நூலை அகற்றிவிடுவோம்.

"அந்தாளை எங்கை தேடுறது?" என்றாள் மச்சாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. எருக்கலம்பிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் துணி கொண்டுவரும் வியாபாரியிடம் கேட்டேன். "எங்களுக்குப் படிப்பிச்ச எங்கட சேர்தானே. புத்தளத்தால வந்து ரெண்டு வருசமாகுது," என்றார். அதோடு நிறுத்தவில்லை. "புத்தகக் கதையோட மட்டும் அவரிட்டப் போகாதீங்க. கொழும்பிலயிருந்து ஒருத்தர் அச்சடிக்கக் கேட்டு வந்தவர். வந்த வழியால அனுப்பிட்டார்."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது. கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்லலாம். இன்னும் மேலே போய், அந்தத் தளத்திலிருந்தும் எடுக்கச் சொல்லலாம். எனக்குத் தெரிந்து உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தப் பிரதி மட்டும்தான்.

"கேக்காமல் விட்டால் புத்தகம் இருக்கும். கேட்டால் இல்லாமல் போகும். பிறகு ஏன் கேக்கிறாய்?" என்றாள் மச்சாள்.

"அவர் ஒரு மணித்தியாலத் தூரத்திலை இருக்கிறார் மச்சாள். சந்தையிலை எதிரிலை வந்தாலும் வருவார். அவரின்ரை புத்தகத்தை அவருக்குத் தெரியாமல் வைச்சு வாசிச்சுக்கொண்டு, அவரை எந்த முகத்தோடை பாக்கிறது?"

அவள் யோசித்தாள். "சரி. நானும் வாறன். நீ தனியப் போனால் சட்டம் கதைச்சுக் கெடுத்துப்போடுவாய்."

மன்னார் பஸ் நிலையத்தில் பஸ் மாறி, எருக்கலம்பிட்டியில் இறங்கி, பள்ளிவாசலடியில் வழி கேட்டோம். புதிதாகச் சாந்து பூசிய, இன்னும் நிறம் அடிக்காத வீடு. சேர் முன்விறாந்தையில் கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைத் தொப்பி, மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருந்தது. விடத்தல்தீவிலிருந்து வருகிறோம் என்றதும், "வாங்க மகள், உள்ளுக்கு வாங்க" என்று எழும்பினார். அவருடைய மனைவி பால் விடாத பிளேன்ரீயும் தொதலும் கொண்டுவந்து வைத்தார். தவக்காலத்துக்கு இனிப்பை விட்டிருந்த மச்சாள் தொதல் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்க்கவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது எங்க இருக்கு? ஒரு பிரதி இல்லையே. தொண்ணூறில முஸ்லிம்கள் எங்கள ஊரவிட்டு வெளிக்கிடச் சொன்னப்ப நான் காணி உறுதியும் பிள்ளைகளின்ட பிறப்பு அத்தாட்சியும்தான் எடுத்தன். புத்தகத்தைத் தூக்க நினைக்கல்ல."

"இருக்கு சேர். இணையத்திலை."

"காட்டுங்க பாப்பம்."

நான் பென்டிரைவை மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா? இத நான் எப்படி வாசிக்கிறது மகள்? எங்கட வீட்டுல கணினி இல்ல. ஒரு பக்கத்தையாவது அச்சடிச்சுக் கொண்டு வந்திருக்கலாமே."

"உங்கடை அனுமதி இல்லாமல் எப்படி சேர் அச்சடிக்கிறது?"

ஒரு கணம் அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, மனைவி தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். "கேட்டியா," என்றார் மனைவியிடம், "என்ட புத்தகத்தை எனக்கே காட்ட என்னட்ட அனுமதி வேணுமாம்."

"மூண்டு கிழமையா நாங்கள் இவளோடை படுற பாடு இதுதான் சேர்," என்றாள் மச்சாள், இரண்டாவது தொதலை எடுத்தபடி.

சந்தியில் தொலைபேசியும் கணினியும் வைத்திருக்கும் ஒரு கொமினிகேசன் கடை இருந்தது. நால்வரும் நடந்தோம். கடைக்காரர் சேருக்குக் கதிரை போட்டார். நான் பென்டிரைவைச் செருகித் திறந்தேன். கறுப்பு வள்ளம் திரையில் வந்தது.

அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் பக்கங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். இரண்டாம் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். உரிமை ஆசிரியருக்கு என்ற வரியைப் பார்த்தார்.

"இத இதுல போட்டவங்க என்னட்டக் கேக்கல்ல," என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

உடனே அந்தத் தளத்தைத் திறந்தேன். அதன் அடியில் இருந்த குறிப்பை வாசித்துக் காட்டினேன். விரும்பாவிட்டால் எடுத்துவிடுவார்கள், நீங்கள் சொன்னால் நானே எழுதிப் போடுகிறேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மச்சாள் என்னைக் கிள்ளினாள்.

அவர் கதிரையில் சாய்ந்தார். "கேக்கிறதெண்டா எங்க கேட்டிருப்பாங்க? புத்தகத்தில இருக்கிற விலாசம் பழைய வீடு. அந்த வீட்டில பற்றை. நான் புத்தளத்தில ஓலைக் கொட்டில்ல இருந்தன். தபால்காரனுக்கே என்னைத் தெரியாது." பிறகு, "ஆரோ ஒருத்தர் இத இவ்வளவு காலம் கிழியாமல் வச்சிருந்திருக்கிறார். என்னால முடியல்ல. இருக்கட்டும் மகள். எடுக்க வேண்டாம். இன்னார் சம்மதிச்சவர் எண்டு மட்டும் எழுதிப் போடச் சொல்லுங்க."

"கொழும்பிலயிருந்து வந்தவரைத் திருப்பி அனுப்பினீங்களாமே சேர்?" என்று மச்சாள் கேட்டுவிட்டாள்.

"அவர் பேச்சுத் தமிழையெல்லாம் திருத்தி எழுதித் தாங்க எண்டார். கரையில இருக்கிறவங்க கரைத் தமிழ்தானே பேசுவாங்க."

நான் உறையை எடுத்துக் கடிதத்தை நீட்டினேன். வாசிகசாலைக்கு ஐந்து பிரதிகள், விற்பனைக்கு அல்ல, ஒரு வரியும் மாற்றுவதில்லை என்று எழுதியிருந்தேன். அவர் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தபோது மச்சாள் மறுபடி வாயைத் திறந்தாள்.

"ஒரு வரி மாத்தத்தான் வேணும் சேர். கடைசி சரியில்லை."

எனக்கு அந்தக் கடையின் நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவள் நிறுத்தவில்லை. முகாம், தண்ணீர் லொறி, குடங்கள், கலவரம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு எழும்பி நின்று வள்ளம் திரும்பி வந்த கதையையும் முழுதாகச் சொன்னாள். பச்சை வள்ளம் விடியற்காலை தானாக மிதந்து வந்து மணலில் முட்டுவதைச் சொல்லும்போது, கைபேசிக்கு மீள்நிரப்பு அட்டை வாங்க வந்த இருவரும் நின்று கேட்டார்கள். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையிலேயே வைத்திருந்தார்.

சேர் பேனையை மூடிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நான் வள்ளத்துக்கு நிறமே எழுதல்லையே."

"நீங்கள் எழுதேல்லை. எங்களுக்குத் தெரியும்," என்றாள் மச்சாள்.

"எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?"

"முகாமே கேட்டது சேர்," என்றேன் நான். "அண்டைக்கு எங்களிலை ஒருத்தருக்கும் வள்ளம் இல்லை. அவளுக்காவது இருக்கட்டும் எண்டு விட்டம்."

அவர் தலையை ஆட்டினார். "என்ட புத்தகம் என்ட மாதிரியே இருக்கட்டும். அவள் வித்துப்போட்டுத்தான் போறா. ஆனா நீங்க சொன்னது நான் எழுதினது இல்ல. அதுக்கு எனக்கு உரிமை இல்ல. அது தண்ணி வரிசையின்ட." கடிதத்தின் முதல் பிரதியில் கையெழுத்திட்டு என்னிடம் தந்தார். இரண்டாவது பிரதியைத் திருப்பி, வெறும் பக்கத்தில் சற்று நேரம் எழுதினார். எழுதியதைக் கடைக்குள் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். தண்ணீர் வரிசையினருக்கு வணக்கம்; வள்ளம் திரும்பி வரும் முடிவை எழுதித் தந்தால் அதன் ஒரு பிரதியை என் வீட்டில் வைத்திருக்க விரும்புகிறேன்; தயவுசெய்து அனுமதி தரவும்.

"நான் மட்டும் கேக்காமல் எடுக்கலாமா மகள்?" என்றார், என்னைப் பார்த்து.

முதற் பிரதி அங்கேயே அச்சானது. கடைக்காரர் அட்டையிட்டுத் தைத்து அவருடைய கையில் கொடுத்தார். திரும்பி நடக்கும்போது அவர் அதைத் திறக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். மனைவி பக்கத்தில் வந்து, "விழுந்திராதீங்க, பாதையைப் பாத்து வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மச்சாள் கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் மனைவியின் கையில் இருந்தது.

பஸ்ஸில் மச்சாள் யன்னலோரம் இருந்தாள். மன்னார்ப் பாலம் கடந்த பிறகு, "நான் கதைச்சது பிழையோ?" என்று கேட்டாள்.

"இல்லை மச்சாள். ஆனால் வள்ளம் நீலம். நான் நீலம் எண்டுதான் சொன்னனான்."

"நீ மறந்துபோனாய்," என்றாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் எழும்பி, தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்னரே, சேரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வரிசையிலை முதலாவது ஆள் நீ. இந்த முடிவை எழுதவும் சேருக்கு ஒரு பிரதி குடுக்கவும் உன்ரை அனுமதி வேணும்."

அவள் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். இந்த வயதில் முதன்முதலாகத் தன்னிடம் ஒருவர் அனுமதி கேட்கிறார் என்பதை அவளுடைய முகம் காட்டியது. அவசரப்படவில்லை.

"தாறன்," என்றாள். "வள்ளம் பச்சையெண்டு எழுதினால் மட்டும். என்ரை குடத்தைப் பாத்துத்தான் நீ அதுக்கு நிறம் சொன்னனீ."

உள்ளே போய்ப் பேனையை எடுத்தேன். பச்சை என்று எழுதினேன்.