இடது பெடலுக்கு ஒரு வார்

“ஃபோனைக் கதவுகிட்ட கொண்டு போங்க. இல்லங்க, உங்க வாய்கிட்ட இல்ல, கதவுகிட்ட. ஆங், அப்படியே வைங்க. இப்ப பட்டனை அழுத்துங்க.”

சொல்லிவிட்டு லிஃப்ட் அக்கா கண்ணை மூடிக்கொள்கிறார். எங்கோ ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் அடம்பிடித்து நிற்கும் லிஃப்டின் முனகல் அவர் காதுக்கு வந்து சேர்கிறது. மேசைக்கடியில் அவருடைய வலது கால் மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது. இடது கால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஏழெட்டு நொடி கழித்துக் கண்ணைத் திறக்கிறார். “கதவு ரோலர் தேஞ்சுபோச்சு. மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. பதினோரு மணிக்கு ஆள் வரும். அதுவரைக்கும் அதை ஏத்தி எறக்கித் தொந்தரவு பண்ணாதீங்க.” காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிற தொனிதான் எப்போதும்.

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் லிஃப்ட் அக்கா. வயது நாற்பத்தாறு. அதில் இருபத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக ஊரிலுள்ள கட்டடங்களின் வயிற்றுக்குள் ஏறி இறங்கியவர். எந்த லிஃப்டுக்குள் நுழைந்தாலும் அதன் சுவரை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுவார். ஏன் என்று கேட்டால், “சும்மா. நான் வந்திருக்கேன்னு சொல்லிவச்சேன்” என்பார். கூட வருபவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏணிப் படி காலை வாரிவிட்டது. பன்னிரண்டு அடி கீழே, லிஃப்ட் குழியின் சிமெண்டுத் தரையில் விழுந்தார். உயிர் பிழைத்தது பெரிய காரியம். இடது தொடை சொன்ன பேச்சைக் கேட்கிறது, முழங்காலுக்குக் கீழே உள்ளது கேட்பதில்லை. பாதம் தொங்கிவிடும், தரை தட்டுப்படுவது தெரியாது. ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை, கையில் ஒரு தடி. கம்பெனி அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு தொலைபேசியும் கொடுத்து, புகார் கேட்கும் மேசையில் உட்காரவைத்தது. மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். முதல் நாள் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்தில் ஃபோன் கொஞ்சம் அடங்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போது அக்கா அங்கே இருக்க மாட்டார். உடம்பு நாற்காலியில் இருக்கும், ஆள் லிஃப்ட் கேபினின் கூரைமேல் நின்று ஏறிக்கொண்டிருப்பார். பழுது பார்க்கும்போது கூரைமேல் நின்றபடிதான் மெதுவாக ஏற வேண்டும். சுற்றிலும் இருட்டு. ஒவ்வொரு மாடி வரும்போதும் கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தலைக்கு மேலே தோன்றி, நெஞ்சுக்கு நேராக வந்து, காலுக்குக் கீழே போகும். ஒரு மாடியில் யாரோ பாட்டு கேட்பார்கள். இன்னொன்றில் சோப்பு வாசனை. அடுத்ததில் குழந்தை அழுகை. எல்லாம் வந்து வந்து கீழே போகும். “நாம ஏறுற மாதிரியே இருக்காது. வீடெல்லாம் எறங்கிப் போற மாதிரி இருக்கும்” என்று பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொல்வார். அந்தப் பெண் பாவம், ஃபோன் மூன்று தரம் அடித்துவிட்டதே என்ற கவலையில் இருப்பாள்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் சைக்கிள் ஓட்டப்போவதாக அறிவித்தார். அதுவும் சாதாரண சைக்கிள் இல்லை. மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் நிற்காத சைக்கிள். பின்சக்கரமும் பல்சக்கரமும் ஒரே உடம்பாக இறுகியிருக்கும். சக்கரம் உருளும் வரை பெடல் சுற்றும், பெடல் சுற்றும் வரை காலும் சுற்றியாக வேண்டும். ஃபிக்ஸட் கியர் என்பார்கள். இளவட்டங்கள் பந்தாவுக்கு ஓட்டுவது.

“ரெண்டு காலும் நல்லா இருக்கிறவனே இதுல உருண்டு விழறான்” என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

“ரெண்டு காலும் நல்லா இருக்கிறவங்களுக்கு இது எதுக்குங்க? எனக்குத்தான் வேணும்” என்றார் அக்கா. “சாதா சைக்கிள்ல வலது கால் கீழே போனதும் கதை முடிஞ்சுது. அப்புறம் இடது கால் மிதிச்சாத்தான் உண்டு. இதுல அப்படியில்ல. சக்கரமே பெடலைச் சுத்திக் குடுக்கும். லிஃப்டுல மறுபக்கம் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டிருப்போம், அது எறங்கினா கேபின் ஏறும். அதே கணக்குதான். என் வலது கால் எறங்கட்டும், இடதைச் சக்கரம் பாத்துக்கும்.”

வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக்கண்ணாடி ஃபிரேமில் லென்ஸைப் பதிப்பவர். சாலையைக் கடக்க நான்கு முறை இரண்டு பக்கமும் பார்ப்பவர். பார்த்து முடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். அக்கா குழிக்குள் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பில்லாமல் நின்றவர். செருப்பை எங்கே விட்டார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

ஃபிரேம் வேறொரு ஊரிலிருந்து வந்தது. இடுப்பு, தொடை, கை எல்லாவற்றுக்கும் அளவு எழுதி அனுப்பி எட்டு மாதம் காத்திருந்து கிடைத்தது. இடது காலைத் தூக்கித் தாண்ட முடியாது என்பதால் மேல்தண்டைத் தாழ்த்திச் செய்யச் சொல்லியிருந்தார். “என் கடையில எரநூறு ஃபிரேம் இருக்கு. ஒண்ணுக்காவது யாராவது இப்படித் தவம் கெடந்திருப்பாங்களா?” என்று அலுத்துக்கொண்டே வீட்டுக்காரர்தான் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல் நிறத்தில், சக்கரமில்லாமல், கைப்பிடியில்லாமல், வெறும் இரும்புக் குழாய்களாக அது இருந்தது. பின்கட்டு அறையின் ஜன்னலோரம் அதைச் சாய்த்துவைத்துவிட்டு அக்கா நான்கு நாள் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் நூல் எடுத்தார். பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு முனையைக் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி, மறுபுறம் கொண்டுவந்து கட்டி, நடுத்தண்டுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார். இருபத்தெட்டு மில்லிமீட்டர், இருபத்தெட்டு மில்லிமீட்டர். “நேர்மையான ஆளு செஞ்சிருக்காரு” என்றார். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தை எட்டு மாடிக்கு நூல் பிடித்து நிறுத்தியவருக்கு அதற்குமேல் ஒரு பாராட்டு தெரியாது.

விடுமுறை நாட்களின் மத்தியானங்கள் அந்த அறையில் கரைந்தன. சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பிகள் கோத்ததும் அக்காதான், பிடிக்கவில்லை என்று இரண்டு முறை பிரித்ததும் அக்காதான். ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டிக் கேட்பார். ஒன்று மந்தமாகப் பேசினால் கால்வாசிச் சுற்று இறுக்குவார். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தரையில் கவிழ்ந்து படுத்து, சுழலும் ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே இருக்கும் வெளிச்சக் கீற்றைப் பார்த்துச் சொல்வார். “நெருங்குது… நெருங்குது… வெலகுது…” அப்படியே சொல்லிச் சொல்லித் தூங்கிப்போய்விடுவதும் உண்டு. அக்கா எழுப்ப மாட்டார். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும், ஜன்னல் வெளிச்சம் கம்பிகளின் ஊடே சுவரில் நீந்தும், அவர் எத்தனை நேரம் அதைப் பார்த்திருந்தார் என்பது அவருக்கே தெரியாது. விழுந்த பிறகான இரண்டு வருடத்தில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்த மத்தியானங்களில்தான்.

செயின் ஒரு சுற்றில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இறுகியது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். முன்பல்சக்கரத்தின் ஐந்து ஆணிகளையும் லேசாகத் தளர்த்தி, ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் ஒரு தட்டுத் தட்டி மறுபடி இறுக்கினார். அதற்குப் பிறகு செயின் பேசவேயில்லை. வலது பெடல் வெறும் பெடல். இடது பெடலில் மட்டும் முன்புறம் ஒரு கம்பிக்கூடும், காலைச் சுற்றி இறுக்க ஒரு தோல் வாரும், சின்ன பக்கிளும். உணர்வில்லாத பாதம் நழுவிவிட்டால், நிற்காமல் சுற்றும் பெடல் கணுக்காலை அடித்துவிடும். அந்த வார் இருந்தால்தான் அது அக்காவுக்கு சைக்கிள்.

எல்லாம் முடிந்த ஞாயிறு காலை. அக்கா உள்ளே ஷூவுக்குப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தார். சந்தில் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. அவருடைய சைக்கிள். பத்திரமாக இருக்கிறதா என்று முதலில் தானே ஓட்டிப் பார்க்க வீட்டுக்காரர் பூனைபோல எடுத்துக்கொண்டு போயிருந்தார். அக்கா காது கொடுத்துக் கேட்டார். சக்கரம் சீராக உருண்டது. பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டியது. அங்கேதான் வீட்டுக்காரர், வாழ்நாளெல்லாம் சைக்கிள் ஓட்டிய பழக்கத்தில், காலை ஓய்வாக நிறுத்தினார்.

“ஐயோ, நிறுத்தாதீங்க!” என்று அக்கா வாய் திறப்பதற்குள் தடால் என்றது.

முழங்கை சிராய்ந்து, மூக்குக்கண்ணாடி வளைந்து, சட்டைப் பையில் மண்ணோடு வந்தார். சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பது அவர் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

“நான் நிறுத்தினா அது நிறுத்த மாட்டேங்குது. தூக்கி எறியுது!”

“அதான்ங்க அதோட குணம்.”

“சரி, இந்தப் பக்கம் இது எதுக்கு?” இடது வாரைத் தொட்டுக் காட்டினார். அதுவரை அதை அலங்காரம் என்று நினைத்திருந்தார் போலும்.

அக்கா சொன்னார். வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. “அப்போ விழுந்தா காலை எடுக்க முடியாது. ஓடுற மிஷின்ல உன்னைக் கட்டிப்போட்டு அனுப்பணும். என்னால முடியாதும்மா.” அதட்டவில்லை, கத்தவில்லை. குரல் உடைந்துதான் போயிற்று.

மறுநாள் காலை வாரைக் காணவில்லை.

அக்கா அறை முழுக்கத் தேடினார். மூன்றாம் நாள், துவைப்பதற்குக் கைக்குட்டை எடுக்க வீட்டுக்காரரின் கடைப் பையைத் திறந்தபோது, ஒரு காலி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அது சுருண்டு படுத்திருந்தது. கூட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“வேற ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே அக்கா? எந்த சைக்கிள் கடையிலயும் கெடைக்குமே?” என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

“கெடைக்கும்.”

“இல்லன்னா அவர்கிட்டயே கேளுங்க.”

“கேட்டா குடுத்துடுவாரு. குடுத்துட்டு வாசல்ல நின்னு நடுங்குவாரு. அந்த நடுக்கத்தைப் பின்னால கட்டிக்கிட்டு நான் எப்படி ஓட்டறது?” அடிக்கத் தொடங்கிய ஃபோனை நோக்கிக் கையை நீட்டினார். “கேக்காம குடுக்கணும்.”

சொல்லுவது சுலபம். பத்தாம் நாள் கோபம் வந்தது. கதவு திறக்கவில்லை என்று அழைத்த ஒரு மனிதரிடம் வள்ளென்று விழுந்தார். பதிமூன்றாம் நாள் அழுகை வந்தது, அதையும் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே அழுது முடித்தார். மத்தியானக் கனவில் லிஃப்ட் கேபின் இப்போது நடுவழியில் நின்றுவிடுகிறது. வெளிச்சக் கோடு தலைக்கு மேலேயே இருக்கிறது, கீழே வர மறுக்கிறது. வீட்டில் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, வலது பெடலைக் கையால் தள்ளிவிடுவார். எதிர்ப்பக்கம் இடது பெடல், ஆளில்லாமல், மேலே வந்து முன்னால் சாய்ந்து கீழே போகும். எண்ணிக்கொண்டே பார்ப்பார். வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று பார்ப்பார். இருவரும் சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

இருபத்தொன்றாம் நாள் ஞாயிறு. வீட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்து, சைக்கிளைச் சந்துக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். “வா” என்றார்.

அக்கா தடியோடு போனார். தாழ்ந்த தண்டின் மேலாக இடது காலைக் கையால் தூக்கிப் போட்டு, வலது காலைத் தரையில் ஊன்றி நின்றார். வீட்டுக்காரர் தடியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது பெடலருகே மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு வெளியே வந்தது. வார் அதேதான். பக்கிளில் மட்டும் புதிதாக ஒரு வளையம், அதிலிருந்து இருக்கை வரை எட்டும் அளவுக்கு மெல்லிய பின்னல் கயிறு. மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள விற்பார்களே, அந்தக் கயிறு.

“இதை ஒரு இழு இழு, அவுந்துடும்.” நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார். “கடையில ஸ்டூல் காலோட என் காலைக் கட்டிவச்சு எரநூறு தடவை இழுத்துப் பாத்துட்டேன். ஒரு தடவைகூட மாட்டல. முதலாளி என்னை ஒரு மாதிரியாத்தான் பாக்கறாரு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கம்பிக்கூட்டுக்குள் வைத்து, வாரை இழுத்து, ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கினார். அக்காவுக்கு அது தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இடது பெடல் கீழே இருந்தது. வலது பெடல் மேலே வந்து காத்திருந்தது.

“முன் பிரேக்கைப் பிடிச்சு வேகத்தைக் கொறச்சுட்டு, வலது காலை ஊணணும். சரியா?”

“சரிங்க.”

“நடுவுல நிறுத்தாத.”

“நிறுத்த மாட்டேன்.”

கிளம்புவதற்குப் பிடிமானம் வேண்டியிருந்தது. தடி சுவரோரம் இருந்தது. சுவர் எட்டவில்லை. வீட்டுக்காரர் இன்னும் மண்டியிட்டு, பக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் அக்கா குனிந்து, அவருடைய வழுக்கைத் தலையை உள்ளங்கையால் மெல்ல இரண்டு முறை தட்டினார். பிறகு அதிலேயே கையை அழுத்தி ஊன்றி, உந்தித் தள்ளிக்கொண்டு புறப்பட்டார்.