செல்லாத வோட்டும் உயிர்வேலியும்

இடது கை மரத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. வலது கையில் வளைந்த வெட்டரிவாள். வெட்டு மேலிருந்து கீழாக, சாய்வாக, வேருக்குப் பக்கத்தில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் இடது கை மரத்தை லேசாக முன்னே தள்ளி, அது இசைகிறதா என்று பார்த்துக்கொண்டது. நடுமரம் முழுதும் அறுந்து, ஒரு பக்கம் பட்டையும் அதை ஒட்டிய கொஞ்சம் மரமும் தோல்வார் கனத்துக்கு மட்டும் மிஞ்சியபோது, ஆளுயரத்துக்கு மேலிருந்த முள்மரம் முனகிக்கொண்டே சாய்ந்து, ஏற்கெனவே படுத்திருந்த மரத்தின்மேல் படுத்தது.

வார் கனமாக இருந்தால் மரம் வளையாமல் பிளந்துவிடும். மெலிந்துவிட்டால் சாறு ஏறாமல் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு உண்டு. அதைக் கை மட்டுமே அறியும். அந்தக் கைகளுக்கு உரியவள் யோலாந்த் க்ராஹே. பாலாடைக்கட்டி நிலவறையில் உப்புத்தண்ணீரில் கட்டிகளைக் கழுவிக் கழுவி வெளுத்த கைகள் அவை. ஓய்வு பெற்ற பிறகு, குளிர்காலம் முழுதும் உயிர்வேலியிலேயே கிடந்தன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எர்வ் வட்டாரத்தின் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே, என்றோ யாரோ வெட்டிப் படுக்கவைத்த மரங்கள் படுத்த வாக்கிலேயே பருத்துக் கிடப்பதைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதலில் தன் வீட்டு வேலியைத்தான் நாசமாக்கினாள்.

இப்போது அவள் வெட்டிக்கொண்டிருந்தது மோன்ரூவா ஊரின் பள்ளச்சாலையை ஒட்டிய வேலி. உள்பக்கம் நோர்பேர் ஷாந்த்ரேனின் மேய்ச்சல் நிலம். வேலி பல இடங்களில் ஓட்டையாகிவிட்டது. போன கோடையில் ஒரு கிடாரி அதன் வழியே சாலையில் இறங்கி, பால் லாரியில் அடிபட்டுச் செத்தது. வேலியை இயந்திரத்தால் பிடுங்கிச் சாலையை அகலப்படுத்திக் கம்பி கட்டுவோம் என்று தேர்தலில் சொன்னவர் நோர்பேர்தான். அக்டோபரில் அவருடைய பட்டியல் ஜெயித்தது. அவரே ஊர்த்தலைவர் ஆனார். யோலாந்த் நின்ற பச்சைக்கட்சிப் பட்டியலுக்கு ஒரு இடம்கூட இல்லை.

பச்சைக்கட்சியின் ஏற்ற இறக்கத்தை அவள் உடம்பிலேயே சுமந்திருந்தாள். முதல் தடவை பழைய படுக்கை விரிப்பில் பச்சைச் சாயத்தால் எக்கோலோ என்று கட்சிப் பெயரை எழுதிச் சந்தையில் கட்டினார்கள். ஊரே சிரித்தது. அடுத்த தடவை ஒரு இடம் கிடைத்தது. கோழித்தீவனத்தில் நஞ்சு கலந்த ஆண்டில் நாடு முழுக்கக் கட்சி பொங்கி எழுந்தது. பிறகு வடிந்தது. கோடைகள் தகித்து, பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்த காலத்தில் மறுபடி பொங்கியது. மோன்ரூவாவிலேயே மூன்று இடங்கள் கிடைத்தன. யோலாந்தும் மன்றத்தில் உட்கார்ந்தாள். பிறகு கோபம்கொண்ட விவசாயிகளின் டிராக்டர்கள் நெடுஞ்சாலையை மறித்தன. ஜூனில் நடந்த நாட்டுத் தேர்தலில் கட்சி மளமளவென்று சரிந்தது. தோட்டத்தில் சுவரொட்டிப் பலகை நட அனுமதித்த வீடுகள் அக்டோபரில் கதவைத் திறக்கவில்லை. பட்டியலின் கடைசிப் பெயராகத் தன்னைப் போடச் சொன்னாள் அவள். "மேல சின்னவங்க நிக்கட்டும். நான் அடியில முட்டுக் குடுக்கிறேன்."

வோட்டு எண்ணிய அன்று சாயங்காலம், கட்சியின் சார்பில் எண்ணும் இடத்தில் உட்கார்ந்திருந்த பெனுவா அவள் சமையலறைக்கு வந்தான். பள்ளி ஆசிரியன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இருபது வோட்டு வித்தியாசம்கூட இல்ல, யோலாந்த். அந்தக் கொஞ்சத்துல ஒரு இடம் போச்சு."

"போனா போகட்டும். ரொட்டி சாப்பிடு."

"அது இல்லைங்க. செல்லாத வோட்டுக் கட்டைப் பார்த்தேன். யாரோடதுன்னு தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது. ஆனா அந்தக் கட்டு இவ்ளோ தடிமன்." விரல்களை அகட்டிக் காட்டினான். "ஒண்ணு மாத்தி ஒண்ணு ஒரே மாதிரி. நோர்பேர் பட்டியல்ல ஒரு சிவப்புப் பொட்டு. அப்புறம் நம்ம பட்டியல்ல, கடைசியில, உங்க பேருக்கு எதிர்ல இன்னொரு பொட்டு."

யோலாந்த் கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு பட்டியலில் எத்தனை பெயருக்கு வேண்டுமானாலும் சிவப்புப் பென்சிலால் வட்டத்தை நிரப்பலாம். இரண்டு பட்டியலில் நிரப்பினால் அந்தத் தாளே செல்லாது. வோட்டுப் போடாமல் இருக்க முடியாத நாட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

"தெரியாம போட்டிருப்பாங்க."

"இத்தனை பேரா? அந்தக் கட்டுல பாதி தேறியிருந்தா நீங்க மன்றத்துல."

அவன் போன பிறகு அவள் மேசையைத் துடைத்தாள்; துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். தோல்விக்கு அவள் பழகியவள். இது தோல்வியாகத் தெரியவில்லை. வோட்டுச்சாவடித் திரைக்குப் பின்னால், ஒருவரும் பார்க்காத இடத்தில், தன் கட்சியைத் துரத்த வந்த கைகள் சொல்லி வைத்ததுபோல அவள் பெயர்மேல் வந்து நின்றிருக்கின்றன. கோயிலில் தனியாக நிற்கும்போது வருகிற ஒரு நடுக்கம் அவளுக்கு வந்தது.

தேர்தலுக்குப் பிறகு, பழைய மன்றத்தில் அவள் உட்கார்ந்த கடைசிக் கூட்டத்தில் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்த ஒரு குளிர்காலம் குடுங்க. வசந்தத்துல மாடு வெளிய விடுற அன்னிக்கு வேலி மாட்டைத் தாங்குச்சுன்னா வேலி இருக்கட்டும். தாங்கலைன்னா மறுநாளே இயந்திரத்தைக் கொண்டாங்க. நான் வாய் திறக்க மாட்டேன்."

நோர்பேர் சிரித்தார். பிறகு ஏனோ சிரிப்பை நிறுத்தி, "சரி" என்றார்.

அதனால்தான் இந்த ஜனவரியில் அவள் பள்ளச்சாலையில் நின்றாள். பெனுவா விடுமுறை நாட்களில் வந்து முளைக்கழிகளை அடித்துக் கொடுத்தான். மற்ற நாட்களில் அவள் தனியே. மேட்டுக் கழியிலிருந்து பள்ளம் வரை அளவுக் கயிறு கட்டி, மரங்களை மேட்டுப் பக்கமாகச் சாய்த்து, இடையிடையே கழி நட்டு, மேலே நீண்ட மெல்லிய மிலாறுக் குச்சிகளைக் கயிறு முறுக்குவதுபோல் பின்னிக்கொண்டே போனாள்.

ஒரு காலை நோர்பேர் வந்தார். குடுவையில் காப்பி, துணியில் சுற்றிய ரொட்டி, பாலாடைக்கட்டி, பேரிக்காய்ப் பாகு. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"என்ன தாயே, மரத்தையெல்லாம் கொலை பண்ணிட்டிருக்க? நாங்க வெட்டினா மட்டும் ஊரைக் கூட்டுவ."

"நீ வெட்டினா பிணம். நான் வெட்டினா பாயில படுத்திருக்கிற பிள்ளைத்தாச்சி. பேசாம காப்பிய ஊத்து."

"உன் கட்சியும் இந்தப் பாலாடைக்கட்டி மாதிரிதான் யோலாந்த். வாசம் லியேஜ் டவுன் வரைக்கும் போகுது. வாங்கத்தான் ஆளில்ல."

"நீதான் தினம் ரெண்டு வேளை தின்னுட்டு இருக்க."

அவர் சிரித்துவிட்டுக் கீழே குனிந்து வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தார். "இவ்ளோதானா விட்டிருக்க? இது எப்படிப் பிழைக்கும்?"

"அக்டோபர்ல எங்களையும் இவ்ளோதான் விட்டிருக்கீங்க."

 நோர்பேர் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செல்லாத கட்டைப் பத்திக் கேள்விப்பட்டியா?"

"பட்டேன்."

"அதுல ஒண்ணு என்னோடது."

யோலாந்த் நிமிர்ந்தாள்.

"என் பேருக்குப் பொட்டு வெச்சாச்சு. பென்சில் கையில இருக்கு. கண்ணு கீழ போச்சு, உன் பேரு. அந்த ஜூலை மழை ஞாபகம் வந்துச்சு. மேல் சோளக்காட்டுச் சேறு மொத்தமா இறங்கி வந்து, என் கன்னுக்குட்டிக் கொட்டகைக்குப் பின்னால நீ படுக்கவெச்ச வேலியில முட்டி நின்னுச்சே. இடுப்பளவு சேறு. உள்ள பதினோரு கன்னு. ஒரு கன்னுக்குக்கூடக் காலு நனையல." தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சட்டம் எனக்குத் தெரியாதா? ஊருக்கே நான்தான் மேடையில சொன்னேன், ரெண்டு பட்டியல்ல போடாதீங்கன்னு. கை கேக்கல. ஊர்த்தலைவன் தனக்கே வோட்டுப் போடலைன்னு வெளிய சொன்னா, உன்னை இந்தப் பள்ளத்துலயே புதைச்சிடுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகு அரிவாளை எடுக்கவும் கொஞ்ச நேரம் பிடித்தது.

மார்ச் மழையில் வேலி கறுத்து, செத்ததுபோல் கிடந்தது. சாலையில் போகிறவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே போனார்கள். யோலாந்துக்கும் தூக்கம் குறைந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே பயம்தான். இத்தனை ஆண்டுகள் கண்ணால் பார்த்தும் மனம் நம்ப மறுக்கும் ஒன்று அது. பிறகு ஒரு காலை, மூடுபனி விலகும்போது, படுத்திருந்த மரங்களின் முதுகு நெடுகத் துளிர் நின்றது. வெட்டுவாயின் உதட்டில், வேரின் கணுவில், வளைந்த இடத்திலெல்லாம் பச்சை மொட்டு. தோல்வார் கனம் இருந்த அந்தப் பட்டை வழியே ஒரு மரம் முழுவதற்குமான சாறு ஏறி வந்திருந்தது. அவள் ஈரப்புல்லில் முழங்காலிட்டுப் பார்த்தாள். ஒரு மொட்டைத் தொடப்போன விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் மாடு வெளியே விடும் நாள் வந்தது. ஊர் பள்ளச்சாலையில் கூடியது. பெனுவா தன் வகுப்புப் பிள்ளைகளையே கூட்டி வந்துவிட்டான். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கட்டிக் கிடந்த பசுக்கள் அன்று கன்றாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நோர்பேர் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார்.

ஒரு கணம் எதுவும் வரவில்லை. பிறகு முதல் பசு வாசலில் நின்று மூக்கை உயர்த்தியது. அடுத்து எல்லாமே வந்தன. பெருத்த மடிகள் ஆட, பின்னங்கால்களை வானத்துக்கு உதைத்துக்கொண்டு, நிலம் அதிர, நேரே பள்ளத்தை நோக்கி இறங்கின. யோலாந்தின் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. முதல் பசு முழுப் பாரத்தோடு மார்பை வேலியில் கொடுத்தது. பின்னல் உள்ளே வளைந்தது. கழிகள் கிறீச்சிட்டன. பக்கத்திலேயே இன்னும் இரண்டு வந்து மோதின. வேலி மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் ஒரு நொடி நின்று, அவற்றைத் திரும்பத் தள்ளியது. முள் பட்ட பசு துள்ளித் திரும்பி, குனிந்து புல்லைக் கடித்தது.

சாலையில் நின்றவர்கள் வேலியருகே வந்தார்கள். பிள்ளைகள் பின்னலின் இடுக்கு வழியே பார்த்தார்கள்.

நோர்பேர் வேலி ஓரமாக மேட்டிலிருந்து பள்ளம் வரை நடந்தார். பசு மோதிய இடத்தில் நின்று இரு கைகளாலும் பின்னலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். துளிர் ஒன்று உதிர்ந்து அவர் சட்டைக் கையில் ஒட்டியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

யோலாந்த் வேலை தொடங்கிய நாளில் கட்டிய அளவுக் கயிற்றை மேட்டுக் கழியிலிருந்து அவிழ்த்தாள். பள்ளம் வரை அதைச் சுருட்டிக்கொண்டே வந்து, வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"உன் வேலி. பிடி."

ஊர்த்தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.