நகலில் விழாத கோடுகள்

மார்ச் 4ஆம் தேதி நடந்த மேற்பார்வையாளர் தேர்வில், இருபது எளிய ஆங்கில வாக்கியங்களிலும் எழுவாயின் கீழ் ஒரு கோடும் வினைச்சொல்லின் கீழ் இரண்டு கோடுகளும் இட்டேன். எனக்குப் பூஜ்யம் வழங்கியுள்ளீர்கள். இதுவே என் குற்றச்சாட்டு.

பதினாறு ஆண்டுகளாக இந்த ஆடை ஆலையில் துணி வெட்டுகிறேன். பெட்டிகளில் ஒட்டிவரும் குறிப்புத்தாள்களைச் சேர்த்து, நானே ஆங்கிலம் கற்றேன். அத்தாள்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன.

"உங்க பேப்பர் வெள்ளையா இருக்காமே அக்கா! தூங்கிட்டு வந்தீங்களா?" என்று பொத்தான் தைப்பவள் சிரித்தாள். பதறிப்போய் அலுவலக எழுத்தரிடம் ஓடினேன்.

"திருத்தினவருக்கு நகல்தாம்மா போச்சு. அதுல ஒரு கோடும் விழல" என்றார்.

வெட்டுக்கோடு துணியில் தங்கக் கூடாதென்று, பென்சிலை அழுத்தாமல் வரைந்தே பழகிய கை இது.

வெள்ளிக்கிழமை பட்டியல் முடிவாகிறது. அடுத்த தேர்வுக்குள் எனக்கு வயது வரம்பு கடந்துவிடும். அசல் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அறுபது கோடுகளும் தெரியும். கண்டதை வியாழக்கிழமைக்குள் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு தேர்வுக் குழுவைக் கோருகிறேன்.