ஜும்ஆவைக் காணாத சுல்தான்

ஜின், பேய் என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். வீடு வீடாகப் போய், குளிருக்குச் சூடு தரும் ஃபர்னஸ் திருத்துகிறவனுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், விளக்கம் மட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெம்பில்லை.

போன வின்டரில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்த கண்ணோடு டோர்செட் பார்க்கில் இருக்கும் எங்கள் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழப் போனால், மௌலவி ஒஷாவாவிலிருந்து வருகிற வழியில் ஸ்னோவில் மாட்டிக்கொண்டாராம். அரபு ஓதத் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்து மிம்பர் மேடையில் ஏற்றி, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய குத்பாப் பிரசங்கக் கிதாபைக் கையில் தந்துவிட்டார்கள். எனக்கு ஓதத்தான் வரும், பொருள் தெரியாது. அந்தக் காலத்துக் கிதாபுகளில் ஆளும் சுல்தானுக்காக இறைவனிடம் கேட்கும் ஒரு துஆ இருக்கும், விவரமானவர்கள் அதை விட்டுவிட்டு ஓதுவார்கள். நான் சுல்தானையும் அவர் பெயரையும் சேர்த்தே ஓதிவிட்டேன்.

ஓதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அது என் மகனுக்கு வைக்க நினைத்திருந்த பெயர். பத்தொன்பது வருடத்துக்கு முன் இங்கேதான் பிறந்தான். ஏழாம் நாள் பெயர் வைப்பது எங்கள் வழக்கம், அவன் ஐந்தாம் நாளே மவுத்தாகிவிட்டான். மனதில் இருந்த பெயரை மனைவியிடம்கூடச் சொல்லாமல், பெயரில்லாமலே அடக்கிவிட்டு வந்தேன். இத்தனை வருடம் என்னைத் தின்றது அதுதான், வேலையல்ல.

தொழுகை முடிந்த பிறகு வந்து சேர்ந்த மௌலவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்தப் பெயரில் ஒரு சுல்தான் இருந்தது உண்மைதானாம், வரலாற்றுக் கிதாபில் ஒரேயொரு வரியாம். அப்போதெல்லாம் அரியணையில் ஏறினால் மட்டும் போதாது, வெள்ளிக்கிழமை குத்பாவில் பெயர் ஓதப்பட்டால்தான் அரசன் என்றார்.

"அவரு வெள்ளிக்கிழமையக் காணல்ல காக்கா. அஞ்சு நாள்ல முடிஞ்சி. ஒரு பள்ளியிலயும் அவர்ர பேர ஓதல்ல. நீங்க எங்க கண்டீங்க அந்தப் பேர?"

கிதாபை விரித்தேன். சுல்தான் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பெயர் எழுத விட்ட வெறும் இடம்தான் இருந்தது.

களைப்பில் வாய் உளறிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பள்ளிக்கு வர முடியாதவர்களுக்காக குத்பாவை ஃபோனில் பதிந்து அனுப்புவது எங்கள் பழக்கம். அன்று பின்னேரம் மனைவி சமைத்துக்கொண்டே அதைப் போட்டாள். குத்பா நேரம் வாய் திறக்கக் கூடாது, எங்கள் ஆட்கள் இருமக்கூட யோசிப்பார்கள். நான் அந்தப் பெயரை ஓதியதும், பின்வரிசையிலிருந்து ஒரு வாலிபக் குரல் மெதுவாகப் பதில் சொல்கிறது, "ஓம் வாப்பா."

அன்று இருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன், யார் காதிலும் விழவில்லையாம். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் பள்ளிக்குப் போகக் காலில் சப்பாத்துப் போடும்போது கதவடியில் வந்து நின்று சொல்கிறாள்.

"இண்டைக்கும் அவன்ட பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

அது அவன் பெயர் என்று நான் அவளுக்கு இன்றுவரை சொன்னதே இல்லை.